காயப்பட்ட கோழிக்கு ஒரு பிடி குருணல்

நிவாரணமாகக் கிடைத்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துக் கோழிக்குப் போடுவது சரியா, பிழையா? இடம்பெயர்ந்த மக்கள் தங்கிய பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் இக்கேள்வி எமது காதில் பல தடவை விழுந்திருக்கிறது. கேட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பதில் சொல்லாமல் குனிந்து கொண்டு கோழிக்குத் தீன் வைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கோழி காயப்பட்டதாகவும் இருந்துவிட்டால் கேள்வி இன்னும் சூடாகிவிடும். "இது பிழைக்கப் போகுதா? அறுத்தாலும் ஒரு கறி ஆகும்" என்ற பேச்சுடன் விடயம் முடிந்துவிடும்.

2007 மார்ச் மாதத்தில் படுவான்கரையின் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பகுதி மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தார்கள். அப்போது மண்முனையில் பாலம் இல்லை. அது 2014இல்தான் திறக்கப்பட்டது. அந்நாட்களில் துறையைக் கடப்பதற்குப் பாதையும் தோணியும்தான். வந்தவர்களுள் ஒரு வயதான தாய், சாமான் மூட்டையுடன் ஒரு பேட்டுக்கோழியையும் கொண்டு வந்திருந்தார். இரு கால்களையும் நூல்கயிற்றால் கட்டித் தலைகீழாகத் தூக்கி வந்ததில், கயிறு தோலை அறுத்து ஒரு கால் வீங்கிப் போயிருந்தது. கோழியால் ஊன்றி நிற்க முடியவில்லை. அந்தத் தாய் தனக்குக் கிடைத்த கஞ்சியில் அடிக்குருணலை வழித்து அதன் முன் வைத்தார். அருகில் இருந்தவர்கள் ஏசினார்கள். "அறுத்தா இண்டைக்கு ஒரு நேரக் கறி, மனே. வெச்சிருந்தா என்ட கைச்செலவெல்லாம் இதுதானே" என்று அவர் எம்மைப் பார்த்துச் சொன்னார்.

அன்று நாமும் அறுக்கச் சொன்னவர்களின் பக்கமே நின்றோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. சுகாதாரம் கெடும், பிள்ளைகளுக்கே போதாத உணவு வீணாகும் என்று நியாயம் சொன்னோம். மூன்றாம் நாள் அந்தக் கோழி கறியானது. பதினொரு பேருக்குப் பங்கு வைத்தார்கள். பின்னர் ஊர் திரும்பும் நாள் வந்தபோது அந்தக் குடும்பத்திடம் மண்வெட்டி இருந்தது, தறப்பாள் இருந்தது, உலர் உணவுப் பொதி இருந்தது. அடைக்கு வைக்க ஒரு பேடு மட்டும் இருக்கவில்லை. அன்று நாம் கொண்டிருந்த அபிப்பிராயம் தவறானது என்பதே இன்று எமது நிலைப்பாடு. அதற்கான காரணங்களையும், காயப்பட்ட கோழியைத் தேற்றுவதற்குத் தீன் கொடுக்கும் முறையையும், எந்தக் கோழியைத் தேற்ற முயலக் கூடாது என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம்

வட்டையும் மாடும் ஆண்களின் கணக்கில் வருபவை. கோழி வளவுக்குள் பெண்ணின் கணக்கில் வளர்வது. பிள்ளையின் கொப்பிக்கும், வைத்தியசாலைக்குப் போகும் பஸ் காசுக்கும், சீட்டுக் கட்டுவதற்கும் அவள் எவரிடமும் கையேந்தாமல் எடுத்துக் கொள்ளும் காசு முட்டையிலிருந்தே வருகிறது. வேளாண்மைக் காசு வருடத்தில் ஒரு முறையோ இரு முறையோதான் வரும். அதிலும் கடன்காரன் முதலில் நிற்பான். முட்டைக் காசுக்கு எவரும் முன்கூட்டியே வந்து நிற்பதில்லை.

அவிழ்த்துவிட்டு வளர்க்கும் ஊர்க்கோழி ஒன்று தடவைக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை வரை, வருடத்தில் மூன்று நான்கு தடவை இடும். மொத்தம் நாற்பது முதல் அறுபது முட்டைகள் எனக் கொள்ளலாம். பண்ணைக் கோழியுடன் ஒப்பிட்டால் இது சொற்பமே. ஆனால் பண்ணைக் கோழி தானாக அடையில் இருக்காது, குஞ்சைக் கூட்டிக் கொண்டு மேயாது, மேலே பிராந்து வட்டமிட்டால் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைக்காது. ஒரு பேடு உயிரோடு இருந்தால் அது மீண்டும் ஒரு கூட்டமாகும். அதை அறுத்துவிட்டால் அந்தக் கூட்டமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது தீனின் கணக்கு. காயப்பட்டு அடைத்து வைத்த ஊர்க்கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 80 கிராம் தீன் போதும். இளைய கோழியின் கால் எலும்பு முறிந்தால் கூடுவதற்கு ஏறத்தாழ மூன்று கிழமை எடுக்கும். எண்பது கிராமை இருபத்தொரு நாளால் பெருக்கினால் 1,680 கிராம். இரண்டு கிலோவும் இல்லை. இதில் பாதி குருணல், மற்றப் பாதி நாம் உண்ணாதவை என்று வைத்துக் கொண்டால், மனிதர் உணவிலிருந்து போவது 840 கிராம் மட்டுமே. அடைமுட்டை பொரிப்பதற்கும் இருபத்தொரு நாள்தான். அடைக்கோழியை அத்தனை நாள் பொறுமையோடு பார்க்கும் நாம், காயப்பட்ட கோழிக்கு மூன்று நாளிலேயே தீர்ப்பு எழுதி விடுகிறோம்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எமது மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோழித் தீன் தட்டுப்பட்டது, பண்ணைகள் மூடப்பட்டன, முட்டை விலை ஏழைகளின் கைக்கு எட்டாமல் போயிற்று. 2023இல் அரசாங்கமே இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. அந்நாட்களில் வளவில் இரண்டு பேடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைக்கு முட்டை கிடைத்தது. கடையை நம்பிய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

முதல் நாள்: தீன் அல்ல, தண்ணீர்

நாய் கடித்த கோழியோ, கீரி பிடித்துத் தப்பிய கோழியோ, சைக்கிளில் அடிபட்ட கோழியோ எதுவானாலும் முதலில் தீனைத் திணிக்கக் கூடாது. பயந்து நடுங்கும் கோழியின் உடல் சமிபாட்டைத் தள்ளி வைத்திருக்கும். அதனைக் கரப்பால் மூடி, அதன்மேல் சாக்குப் போட்டு, வெளிச்சமும் சத்தமும் குறைந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். கீழே வைக்கோல் அல்லது காய்ந்த உமி போடலாம். மற்றக் கோழிகளிடமிருந்து உடனே பிரிப்பது மிகவும் அவசியம். இரத்தச் சிவப்பைக் கண்டால் கூட்டத்துக் கோழிகளே வந்து கொத்தும். நாய் கடித்ததில் பிழைத்துத் தன் கூட்டத்தின் கொத்தலில் செத்த கோழிகளைக் கண்டிருக்கிறோம்.

கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றரில் மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால், வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு நாம் கொடுக்கும் அதே நீர் கிடைக்கும். வீட்டில் ஜீவனிப் பொதி இருந்தால் அதனையும் பொதியில் எழுதியபடி கரைத்துப் பயன்படுத்தலாம். முதல் நாளுக்கு இது போதும். மறுநாளிலிருந்து சுத்தமான தண்ணீர். கோழி தின்னும் தீனின் இரு மடங்கு நிறையான தண்ணீர் அதற்குத் தேவை. ஆடி, ஆவணிச் சூட்டில் இன்னும் கூடும். எழும்ப முடியாத கோழிக்குத் தண்ணீர்ச் சிரட்டை அலகுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எட்டாத தூரத்தில் சிரட்டை நிறையத் தண்ணீர் இருந்தும் தாகத்தால் செத்த கோழிகள் உண்டு.

தானாகக் குடிக்காத கோழியின் வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றுவது பெரும் பிழை. மூச்சுக்குழாயின் வாசல் நாக்கின் அடியிலேயே இருப்பதால் ஊற்றிய தண்ணீர் நேராக அதற்குள் போய்விடும். விரலை நனைத்து அலகின் பக்கவாட்டில் ஒவ்வொரு துளியாக வைத்தால், கோழி அலகை அசைத்துத் தானே விழுங்கிக் கொள்ளும். அவசரப்படக் கூடாது.

இரண்டாம் நாளிலிருந்து

நாட்பட்ட பழக்கத்தினால் எமது வீடுகளில் கோழித் தீன் என்றால் குருணல் மாத்திரமே என்று நினைக்கிறோம். ஓடித் திரியும் கோழிக்கு அது பிரச்சினையல்ல. மீதியைப் புழுவும் பூச்சியும் கொடுக்கும். கரப்புக்குள் இருக்கும் கோழி அவற்றைத் தேடிக் கொள்ள முடியாது. குருணலில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவே புரதம் உண்டு. முட்டையிடும் பேட்டுக்கு நூற்றுக்குப் பதினாறு பங்காவது வேண்டும். கிழிந்த தோல் மூடுவதும் தசை வளர்வதும் இறகு முளைப்பதும் புரதத்தினாலேயே. வெறும் குருணலை மட்டும் போட்டு, "தின்னுது, ஆனா தேறுதில்லை" என்று சொல்வதில் பயனில்லை.

நாம் கைக்கொள்ளும் கலவை இலகுவானது. நிறையின்படி நான்கு பங்கு குருணல், இரண்டு பங்கு தவிடு, ஒரு பங்கு தேங்காய்ப் புண்ணாக்கு, ஒரு பங்கு காய்ந்த கூனி இடித்த தூள். இந்த எட்டுப் பங்கில் புரதம் ஏறத்தாழத் தேவையான அளவுக்கு வந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் குருணலைக் குழைய அவித்து, கலவையை ஈரமாகப் பிசைந்து, சிறு சிறு உருண்டைகளாக நாளுக்கு நான்கைந்து தடவை வைக்க வேண்டும். ஒரே தடவையில் குவித்து வைத்தால் மிச்சம் புளித்துவிடும், ஈயும் வரும். மிச்சத்தை ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிட வேண்டும்.

கூனியிலும் கருவாட்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. உப்புப் போட்டுக் காய வைத்ததாக இருந்தால் தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மீண்டும் வெயிலில் காய வைத்தே இடிக்க வேண்டும். உப்புக் கூடினால் கோழி சாகும். வாவிக்கரையில் வலை உதறும் இடத்தில் விடப்படும் சிறு மீன்களையும் மீன் கழிவையும் அவித்துக் கொடுப்பது இதைவிட நல்லது.

எலும்பு முறிந்த கோழிக்குச் சுண்ணச்சத்து வேண்டும். முட்டையிடும் பேடு ஒவ்வொரு முட்டைக் கோதுக்கும் ஏறத்தாழ இரண்டு கிராம் கல்சியம் கொடுக்கிறது. தீனில் கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். வாவியிலே எமக்குச் சிப்பிக்கும் ஊரிக்கும் பஞ்சமில்லை. அவற்றைக் கழுவி, நெருப்பில் வாட்டி, இடித்து, தீனுடன் கலக்காமல் வேறு சிரட்டையில் வைத்தால் கோழி தனக்கு வேண்டிய அளவைத் தானே கொத்தும். இன்னொரு சிரட்டையில் பருமணல் வைக்க வேண்டும். கோழிக்குப் பல் இல்லை. வயிற்றில் உள்ள தடித்த தசைப்பையில் மணலின் துணையோடுதான் அது தீனை அரைக்கிறது. அடைத்து வைத்த கோழிக்கு மணல் கொடுப்பவர்கள் குறைவு. முருங்கையிலை, அகத்தி, கங்குன் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதனைப் பொடியாக அரிந்து நாளுக்கு ஒரு கைப்பிடி போடலாம்.

கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தடவிப் பார்க்கும் பழக்கம் எமது பாட்டிமாருக்கு இருந்தது. அது நல்ல பழக்கம். பொழுதுபடும்போது இரைப்பை நிறைந்திருக்க வேண்டும். விடியும்போது வெறுமையாக இருக்க வேண்டும். விடிந்த பின்னும் கல்லுப் போல நிறைந்திருந்தால் தீன் இறங்கவில்லை என்று பொருள். அன்று கட்டித் தீன் கொடாமல் தண்ணீர் மட்டும் கொடுத்து, இரைப்பையை மெதுவாக நீவிவிட வேண்டும்.

காயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, நாளுக்கு இரு தடவை கழுவினால் பெரும்பாலான காயங்கள் சுத்தமாகும். மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பூசுவது புண்ணைச் சுட்டுப் பெரிதாக்கும். ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டதா என்று இறகை விலக்கி நாள்தோறும் பார்க்க வேண்டும். நாய், கீரி, மரநாய் கடித்த காயம் வெளியே சிறிதாகத் தோன்றினாலும் உள்ளே ஆழமாக இருக்கும். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போவது நல்லது. மனிதருக்குத் தந்த குளிசையை உடைத்துக் கோழிக்குக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். வைத்திய அதிகாரி மருந்து தந்தால், எத்தனை நாளைக்கு முட்டையும் இறைச்சியும் உண்ணக்கூடாது என்பதை அவரிடமே கேட்டு அதன்படி நடக்க வேண்டும்.

பிள்ளையின் கோப்பையா, கோழியின் சிரட்டையா?

இங்கேதான் எமது வாசகர்களில் பலர் எம்மோடு முரண்படக் கூடும். தேறும் கோழிக்கு அவித்த முட்டை நல்லது என்று புத்தகங்கள் சொல்கின்றன. அது உண்மை. ஆனால் முட்டையைக் காணாத பிள்ளை பார்த்துக் கொண்டிருக்கக் கோழிக்கு முட்டை ஊட்டச் சொல்ல எமக்கு வாய் வராது. பிள்ளையின் கோப்பையிலிருந்து எடுத்துக் கோழியின் சிரட்டையை நிரப்ப வேண்டாம். இது எமது உறுதியான அபிப்பிராயம். அடை வைத்து ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, கருக்கட்டவில்லை என்று ஒதுக்கும் முட்டை இருந்தால், அதனை நன்றாக அவித்து மசித்துக் கோழிக்குக் கொடுக்கலாம். பச்சையாகக் கொடுத்தால் முட்டை குடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

ஆனால் பிள்ளையும் கோழியும் எதிரெதிரே நிற்கின்றன என்ற எண்ணமே அரைவாசி பொய். கறையானைப் பிள்ளை தின்பதில்லை. தவிட்டையும் மீன் குடலையும் தின்பதில்லை. ஒரு பழைய மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த சாணமும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால், ஒரிரு நாளில் சட்டிக்குள் கறையான் ஏறியிருக்கும். விடியற்காலையில் சட்டியைத் தூக்கிக் கோழியின் முன் தட்டினால் போதும். மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோ, டோகோ போன்ற நாடுகளின் ஏழை விவசாயிகள் இவ்வாறுதான் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். கடலுக்கு அப்பால் உள்ள வறண்ட பூமியில் சட்டி கவிழ்க்கத் தெரிந்தவர்கள், எம்மைப் போலவே கையில் காசில்லாதவர்கள். கறையான் புற்றுக்கு எமது வளவுகளிலும் குறைவில்லை. இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பாருங்கள்.

மாறாக, பிள்ளைக்கு உதவாதது எல்லாம் கோழிக்கு உதவும் என்று எண்ணிவிடவும் கூடாது. வெள்ளத்தில் நனைந்து பூஞ்சணம் பிடித்த அரிசியையும் புண்ணாக்கையும் "கோழிக்குத்தானே" என்று போடுகிறோம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தீனில் கலந்த நிலக்கடலைப் புண்ணாக்கின் பூஞ்சண நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டார்கள். அந்த நஞ்சுக்கு அஃப்லாடொக்சின் என்று பெயர். காயப்பட்ட கோழியின் ஈரல் இதனைத் தாங்காது. மரவள்ளியின் பச்சைத் தோலிலும் பச்சை இலையிலும் நஞ்சு உண்டு. அவித்தோ நன்றாக வெயிலில் காய வைத்தோ அன்றிக் கொடுக்கக் கூடாது.

எந்தக் கோழியைத் தேற்ற முயலக் கூடாது

எல்லாக் கோழியையும் காப்பாற்று என்று நாம் சொல்லவில்லை. முதுகெலும்பு முறிந்து இரு காலும் இழுபடும் கோழி, வயிறு கிழிந்து குடல் வெளியே வந்த கோழி, முறிந்த எலும்பு தோலைப் பிய்த்து வெளியே வந்து கறுத்துவிட்ட கோழி, மூன்று நாளாகியும் துளி தீனோ தண்ணீரோ எடாத கோழி ஆகியவற்றை வைத்திருப்பது வருத்துவதாகும். அவற்றை விரைவாக முடித்து விடுவதே இரக்கம். அவ்வாறு முடிவெடுக்கும் உரிமை கோழியை வளர்த்த பெண்ணுக்கே உரியது. அயலவர் பேச்சுக்கோ, கணவரின் சலிப்புக்கோ, எம்மைப் போல வெளியிலிருந்து வருபவர்களின் உபதேசத்துக்கோ உரியதல்ல.

காயத்தையும் நோயையும் பிரித்தறிவதும் அவசியம். காயம் இல்லாமலே தூங்கி வழியும் கோழி, பச்சையாகக் கழியும் கோழி, கழுத்து முறுகித் திரும்பும் கோழி ஆகியவற்றில் இராணிக்கெட் நோய் இருக்கக் கூடும். அதனைக் கூட்டத்திலிருந்து தூரப்படுத்தி, கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். அறுத்து உண்பதோ, விற்பதோ, செத்ததை வாவியில் எறிவதோ ஊர் முழுவதுக்கும் நோயைக் கொண்டு போகும். ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். தேற்றும் தீன் காயத்துக்கு உதவும். இராணிக்கெட்டுக்கு முன்கூட்டிய தடுப்பு மருந்தே வழி.

தேறிய கோழியைத் திடீரென்று கூட்டத்தில் விடக் கூடாது. மூன்று நான்கு நாளைக்குக் கரப்போடு கூட்டத்தின் நடுவில் வைத்து, பின்னர் பொழுதுபடும் நேரத்தில் கூட்டோடு அடைத்தால் காலையில் சண்டை குறைந்திருக்கும்.

காயத்துக்கு முந்திய காயம்

முன்னே சொன்ன தாயின் கோழிக்குக் காயம் வந்தது நாயாலோ கீரியாலோ அல்ல. ஓட வேண்டி வந்ததால் வந்தது. 1990இல் ஓடினோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது ஓடினோம். 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஓடினோம். 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் பாடசாலைக் கட்டடங்களுக்குப் பாயோடு போனோம். இனி ஒரு முறை ஓட வேண்டி வராது என்று எவராலும் எமக்கு எழுதித் தர முடியாது. ஆகையால் மாரி தொடங்கு முன்னரே ஒரு கரப்பையோ, மூடியுள்ள பிரம்புக் கூடையையோ தயாராக வைத்திருங்கள். கோழியைத் தலைகீழாகத் தூக்கும்போது குடலும் ஈரலும் சரிந்து மூச்சுப் பைகளை அழுத்துகின்றன. அதனால் கோழி திணறுகிறது. இடுப்பு மூட்டும் கழன்று விடும். கால் கட்டத்தான் வேண்டுமென்றால் கயிற்றை விட்டு அகலமான துணிக்கீற்றால் கட்டிக் கூடையில் இருத்திக் கொண்டு போங்கள்.

உதவி செய்ய வருபவர்களிடமும் நாம் பேச வேண்டியிருக்கிறது. இழப்பு விபரம் எடுக்கும் படிவங்களில் வீடு, வயல், மாடு, தோணி, வலை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். கோழிக்கு இடம் இருப்பது அரிது. படிவத்தில் இல்லாதது பிறகு எவர் நினைவிலும் இருப்பதில்லை. பின்னர் வாழ்வாதார உதவி என்று பண்ணைக் குஞ்சுகள் வந்து இறங்கும். தீன் இல்லை, கூடு இல்லை, தடுப்பு மருந்து இல்லை. ஒரு மாதத்தில் குஞ்சுகளும் இல்லை. இப்படி வந்து இப்படிப் போன குஞ்சுகளை எமது கண்ணால் கண்டிருக்கிறோம். உயிரோடு கையில் இருக்கும் பத்துப் பேடுகளுக்கு மூன்று கிழமைத் தீன் கொடுப்பதற்கு, நூறு புதிய குஞ்சு கொடுக்கும் செலவில் ஒரு சிறு பங்கும் ஆகாது.

இது எமது தனிப்பட்ட ஆசை அல்ல. அனர்த்த காலத்தில் கால்நடைகளுக்கு உதவுவது பற்றி உலக அளவில் ஏற்றுக் கொள்ளப்பட்ட வழிகாட்டி நூல் ஒன்று 2009இல் முதன்முதலாக வெளிவந்தது. லெக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்நூல், புதிய கால்நடை வழங்குவதை மட்டுமன்றி, இருப்பவற்றுக்குத் தீனும் தண்ணீரும் வைத்தியமும் தங்குமிடமும் கொடுப்பதையும் உதவியாகவே கருதுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 1998இல் வெளியிட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளில் 21ஆவது கோட்பாடு, இடம்பெயர்ந்தவர்களின் உடைமை பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது. ஒரு ஏழைத் தாயின் உடைமை இறகோடு இருந்தாலும் உடைமைதான்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, இழப்பு விபரப் படிவத்தில் கோழிக்கும் ஒரு வரி இருக்கட்டும், அது வளர்த்த பெண்ணின் பெயரில் இருக்கட்டும். இரண்டாவது, மக்கள் தங்க வைக்கப்படும் இடத்தின் எல்லையில், கிணற்றுக்கும் சமையலுக்கும் தூரமாக, பொதுக் கோழிக்கூடு ஒன்றுக்கு அனுமதி கொடுக்கப்படட்டும். சுத்தம் செய்யும் பொறுப்பை வளர்ப்பவர்கள் முறை வைத்து ஏற்றுக் கொள்ளட்டும். எச்சத்தின் நாற்றத்தைச் சகிக்க வேண்டியவர்கள் அயலில் இருப்பவர்கள் என்பதை நாமும் மறக்கலாகாது. மூன்றாவது, குஞ்சு கொடுப்பதற்கு முன் தீனும் தடுப்பு மருந்தும் வரட்டும்.

படிவம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கிராம உத்தியோகத்தர் விபரம் எடுக்க வரும்போது, எத்தனை பேடு, எத்தனை சேவல், எத்தனை குஞ்சு, எந்த வருடம் எந்த ஓட்டத்தில் போயின என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். படிவத்தில் இடமில்லை என்று சொன்னால், ஓரத்தில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பல ஓரங்களில் எழுதப்பட்டால் அடுத்த படிவத்தில் அதற்கு ஒரு வரி வரும்.

கரப்புக்குள் ஒரு கோழி படுத்திருக்கும் வீடுகளுக்கு இன்று நாம் சொல்வது இதுதான்: தண்ணீர்ச் சிரட்டை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பொழுதுபடும்போது இரைப்பையைத் தடவிப் பாருங்கள். யாராவது ஏசினால், இருபத்தொரு நாள் தவணை கேளுங்கள்.